மெலனாவ் மக்களின் சவ்வரிசிப் பனை

பாயசத்தில் மிதக்கும் சவ்வரிசி எம்மரத்தின் வயிற்றில் பிறந்தது என்று கேட்பார் மிகச் சிலரே. இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி தடைப்படவே, சேலத்தார் அதனை மரவள்ளிக் கிழங்கு மாவினால் செய்யத் தலைப்பட்டனர். அதற்கு முன்னர்த் தமிழகத்து அடுக்களைக்குக் கப்பலேறிச் சென்றது நம் தீவுக் கூட்டத்துப் பனையின் மாவே.

சரவாக்கின் மூக்கா, ஓயா, டாலாட் ஆற்றோரங்களில் வாழும் மெலனாவ் மக்களுக்கு இப்பனை தலைமுறைச் சொத்து. அச்சதுப்பு நிலத்தில் நெல் செழிப்பதில்லை, இப்பனையோ செழிக்கும். நட்டபின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறை பூத்து, காய்த்து, மடியும் மரம் அது; பூக்கத் தொடங்கினால் தண்டிலுள்ள மாவு கரைந்துவிடும். ஆகவே பூக்குமுன் வெட்டுவர். அடியில் பக்கக் கன்றுகள் வாழையடி வாழையாய்க் கிளைப்பதால் மறுநடவு வேண்டியதில்லை. பாட்டன் நட்டதைப் பேரன் வெட்டுவான். பருவம் பொய்த்தாலும் பொய்க்காத களஞ்சியம். வெட்டும் நாள் வரை மாவு மரத்திலேயே இருக்கும். ஒரு மரம் 150 கிலோவுக்கு மேலும் மாவு தருவதுண்டு.

முன்னாளில் ஆடவர் தண்டின் சோற்றைத் துருவினர்; பெண்டிர் ஆற்றின்மேல் அமைத்த பரணில் பாய் விரித்து, நீரூற்றி மிதித்தனர். கீழேயுள்ள தொட்டியில் மாவு படிந்தது. அவ்வீர மாவு 'லெமந்தாக்' எனப்படும்.

சிங்கப்பூரில் சீனர் ஆலைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், இம்மாவு அரசியற் பொருளாயிற்று. மூக்கா அப்போது புருணை சுல்தானுக்கு உரியது. மாவு வணிகத்தையொட்டி எழுந்த பூசல் 1860இல் படையெடுப்பாக மூண்டது. 1861இல் அக்கரையோரத்தை சுல்தான் ஜேம்ஸ் புரூக்கிற்கு விட்டுக்கொடுத்தார். மரம் மக்களுடையது, விலையோ அவர்கள் கையில் இல்லை. மாவை விற்று அரிசி வாங்குவது வழக்கமாயிற்று. இதனை வளர்ச்சி என்பாரும் உளர். ஆயினும் சப்பானியர் காலத்தில் (1941–45) அரிசி அருகியபோது, பலருடைய உலைக்கு வந்தது இப்பனைமாவும் மரவள்ளியுமே.

1980களின் பிற்பகுதியில் மூக்கா வட்டாரத்தில் பெருந்தோட்டங்கள் தொடங்கப்பட்டன. ஆழமான கரிச்சேற்று நிலத்தில் மரங்கள் பல உரிய காலத்தில் தண்டு வைக்கவில்லை. வண்டல் படிந்த ஆற்றோரங்களிலோ, குடியானவர்களின் பழைய தோப்புகள் வழக்கம்போல் மாவு கொடுத்துக்கொண்டிருந்தன.