ரயிலடி

தஞ்சாவூரில் ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம் என்று அறிவிப்பு வந்தால், இடம் பெரும்பாலும் ‘ரயிலடி’ என்றிருக்கும். அரசுக் காகிதத்தில் அது ரயில் நிலையம். ஊரார் வாயில் ரயிலடி.

இந்தச் சொல்லில் முன்பாதி இரவல். ‘ரயில்’ என்பது முதலில் வண்டியே அன்று. நீளக் கிடக்கும் சட்டம். கோலைக் குறித்த ‘ரெகுலா’ என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அந்தப் பொருளைப் பெற்றது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி ஓடியது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பாதை வந்தது. சட்டத்தைத் தண்டவாளம் என்றோம். சட்டத்தின் பெயரை அதன்மேல் ஓடும் வண்டிக்குச் சூட்டிவிட்டோம்.

பின்பாதி நம் சொத்து. பாதம், கீழ்ப்பகுதி என்ற பொருளிலிருந்து ‘அதையொட்டிய இடம்’ என்று விரிந்த ‘அடி’ அது. ஆலடி, கோயிலடி, தேரடி, யாழ்ப்பாணத்து வேம்படி எல்லாம் அந்த வரிசைதான். இவற்றில் தேரடிக்கும் ரயிலடிக்கும் நெருக்கம் அதிகம். இரண்டிலும் ஓடுகிற ஒன்று வந்து நிற்கிறது, பார்க்கக் கூட்டம் கூடுகிறது. இலங்கைத் தமிழர் வண்டிக்கே ‘புகையிரதம்’ என்று பெயர் வைத்தார்கள். இரதம் என்றாலும் தேர்தானே.

படித்தவர்கள் வேறு வழியில் போனார்கள். பாரதியார் தென்காசி ஸ்டேஷனைக் களமாக்கி, மூன்று மனைவியரைக் கட்டிய ஓர் இளைஞரின் குடும்ப வழக்கு அங்கே சந்திக்கு வருவதைக் கதையாக எழுதினார். தலைப்பு ‘ரயில்வே ஸ்தானம்’. ‘ஸ்டேஷன்’, ‘ஸ்தானம்’ இரண்டும் நிற்றலைக் குறிக்கும் ஒரே தொல்வேரில் கிளைத்தவை. ஒன்று லத்தீன் வழி, மற்றது வடமொழி வழி. பின்னர் நிலைபெற்ற ‘நிலையம்’ என்பதிலும் ‘நில்’ இருக்கிறது. ஆக மூன்றுமே வண்டி நிற்கும் இடத்தைச் சொல்கின்றன. ரயிலடியோ வண்டிக்கு அருகே ஆள் போய் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. மாப்பிள்ளையை அழைக்கவும், பட்டணம் போகும் பிள்ளையை ஏற்றிவிடவும் வந்தவர்களின் சொல் அது. அதனால்தான் பயணச்சீட்டிலோ கால அட்டவணையிலோ ஏறாமல், பேச்சிலேயே பிழைத்துக் கிடக்கிறது.

எல்லா ஊரிலும் அது வேர்பிடிக்கவில்லை. திருநெல்வேலிக்காரருக்கு அந்த வட்டாரமே ‘ஜங்ஷன்’. மற்ற இடங்களில் ‘ஸ்டேஷன்’ வென்றுவிட்டது. ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு. “அப்பா ஸ்டேஷனுக்குப் போயிருக்கார்” என்றால் கேட்டவர், “என்ன கேஸ்?” என்று விசாரிக்கக்கூடும். ரயிலடிக்குப் போயிருக்கிறார் என்றால், “யார் வராங்க?” என்றுதான் கேட்பார்.