பெட்டி பேசத் தொடங்கிய வரலாறு

கடையிலே தனக்கு வேண்டிய பொருளின் பெயரைச் சொல்லப் பெண் நாணினாள். அந்நாணத்துக்கு இசையவே அப்பொருளின் பெட்டியும் அமைந்தது. மாதவிடாய்க் காலத்துச் சுகாதாரத் துவாயின் வரலாறு இத்தகையது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தார் 1896ஆம் ஆண்டிலேயே இத்துவாயை விற்கத் தொடங்கினர். வெளிப்படையாக விளம்பரஞ் செய்ய அக்கால வழக்கம் இடந்தராமையால் அது பரவவில்லை. முதலாம் உலகப் போரிலே, காயங்கட்டுவதற்கென மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட பஞ்சன்ன பொருளைத் தாதியர் தம் தேவைக்கும் பயன்படுத்தினர். அதனைக் கொண்டே கிம்பர்லி கிளார்க் நிறுவனம் 1920இல் கோட்டெக்ஸ் துவாயை வெளியிட்டது. கடைக்காரர் அதனை வெறுந்தாளிற் சுற்றிக் கொடுத்தனர்.

உளவியலும் பொறியியலுங் கற்ற லிலியன் கில்பிரெத் அம்மையார், ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடங் கருத்துத் திரட்டி, 1927இல் ஜோன்சன் நிறுவனத்துக்கு அறிக்கை அளித்தார். பிறர் கண்ணிற் படாத சிறு பொதியையே பெண்கள் விரும்பினர். மறு ஆண்டில் அந்நிறுவனத்தின் மோடெஸ் விளம்பரத்தில் ஒரு சீட்டு வெளிவந்தது. அதனை வெட்டிக் கடைக்காரரிடம் நீட்டினாற் போதும், பேச வேண்டுவதில்லை.

இவ்வாறு மௌனம் நாணத்தைக் காத்தது. ஆனால், உயிரைக் காக்க அது போதவில்லை. உடலினுள்ளே வைக்கப்படும் டம்பொன் என்னும் பஞ்சுத் திரிகள் வழக்கிற்கு வந்தபின், எது மிகுதியாக உறிஞ்சும் என்பதிலே நிறுவனங்கள் போட்டியிட்டன. 1980இல் அந்நாட்டில் 800க்கு மேற்பட்ட பெண்கள் மாதவிடாயோடு தொடர்புடைய நச்சதிர்ச்சி நோயுற்றனர். 38 பேர் மாண்டனர். ரிலை என்னும் டம்பொன் அவ்வாண்டு செப்டெம்பரிற் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது.

அதன் பின்னரே சட்டம் பெட்டியைப் பேசவைத்தது. உணவு, மருந்து நிருவாகத்தின் 1982ஆம் ஆண்டு விதிப்படி, பெட்டியின்மேல் எச்சரிக்கை அச்சிடப்பட்டது. திடீர்க் காய்ச்சல், வாந்தி, மயக்கம், தோற்சிவப்பு ஆகியன தோன்றின், திரியை உடனே அகற்றி வைத்தியரை நாடுமாறு உள்ளிருந்த தாள் அறிவுறுத்தியது. எனினும், உறிஞ்சுதிறனைக் குறித்த சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. 1989இன் விதி அவற்றுக்குப் பொது அளவு வகுத்தது: 'சாதாரணம்' எனின் 6 முதல் 9 கிராம். வேண்டிய அளவிற் குறைந்ததையே தெரிந்துகொள்க என்னும் அறிவுரைக்கு அப்பொழுதுதான் பொருளுண்டாயிற்று. 2019இல் நியூயோர்க் மாநிலம், சேர்பொருள்களையும் பெட்டியிற் குறிக்கவேண்டுமெனச் சட்டமியற்றியது.

பெட்டியிலுள்ள சிறிய எழுத்தை எவரும் விரைந்து கடந்துவிடலாம். ஆயின், அவ்வெழுத்தை அங்கே பொறித்தவை அப்பெண்களின் உயிர்களே என்பதை வரலாறு அறியும்.