ஈட்டி பிடித்து நின்றவர்களின் படம்

1942இல் வந்த 'டு பீ ஓர் நொட் டு பீ' படத்தை இண்டைக்கு ஹொலிவூட்டின் சிறந்த நகைச்சுவைப் படங்களில் ஒன்று என்று கொண்டாடுகினம். வந்த நேரத்தில் நிலைமை வேற. வோர்சோ நாஸிகளின் பிடியில் இருந்த காலம் அது. அதே வோர்சோவில் மாட்டுப்பட்ட ஒரு நாடகக் குழு, நாஸி வேஷம் போட்டு நாஸிகளையே பேய்க்காட்டுகிறதுதான் கதை. சனம் செத்துக்கொண்டிருக்கேக்க இதில சிரிக்க என்ன இருக்கு என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல முதல், இந்தப் படத்தை எடுத்தது ஆர் என்று பார்க்க வேணும்.

இயக்குநர் ஏர்ன்ஸ்ட் லூபிட்ஷ், 1892இல் பேர்லினில் பிறந்த யூதர். மக்ஸ் ரைன்ஹார்ட்டின் புகழ்பெற்ற நாடகக் குழுவில் சின்னச் சின்ன வேஷங்கள் போட்டுத் தொடங்கியவர். 1922இல் அமெரிக்கா போனார். 1935இல் நாஸி அரசு அவருடைய ஜேர்மன் குடியுரிமையைப் பறித்தது.

அவரைச் சுற்றி நின்றவர்களும் அப்படித்தான். மூலக்கதைக்குப் பங்களித்த மெல்கியோர் லெங்யெல் ஹங்கேரியர். தயாரிப்பில் இருந்த அலெக்சாண்டர் கோர்டா ஹங்கேரிய யூதர். கமரா பிடித்த ருடோல்ஃப் மாத்தே பிறந்தது போலந்தின் கிராக்கோவில். இசையமைத்த வேர்னர் ஹைமான், கிறீன்பேர்க் என்ற நடிகராக வரும் ஃபீலிக்ஸ் பிறெஸார்ட் இரண்டு பேரும் ஹிட்லர் வந்த பிறகு ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதர்கள். தூரத்தில் இருந்து ஆற்றையோ துயரத்தைப் பார்த்து இவர்கள் சிரிக்கவில்லை. தங்களை விரட்டினவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

கதாநாயகன் ஜக் பெனியும் யூதக் குடியேறிகளின் மகன். மகனை நாஸி சீருடையில் கண்டதும் தகப்பன் தியேட்டரை விட்டு எழும்பிப் போனார் என்று பெனி பின்னர் சொல்லியிருக்கிறார். கதையை விளங்கப்படுத்தின பிறகு அவர் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம்.

படப்பிடிப்பு தொடங்கினது 1941 நவம்பரில். அப்ப அமெரிக்கா போரிலேயே இல்லை. டிசம்பர் 7இல் பேர்ள் ஹாபர் தாக்கப்பட்டது. படம் திரைக்கு வர முதலே, கதாநாயகி கரோல் லொம்பார்ட் இந்தியானாவில் போர்க்கடன் பத்திரங்களை விற்றுவிட்டுத் திரும்பேக்க, 1942 ஜனவரி 16இல் விமான விபத்தில் செத்துப்போனார். வயது 33. விமானத்தில் என்னதான் நடக்கப்போகுது என்று அவர் கேட்கும் ஒரு வசனத்தைப் படத்தில் இருந்து வெட்டினார்கள்.

ஆனால் அதிகம் திட்டு வாங்கின வசனத்தை லூபிட்ஷ் வெட்டவில்லை. ஒரு நாஸி கேணல், குழுவின் பெரிய நடிகரைப் பற்றி, அவர் ஷேக்ஸ்பியருக்குச் செய்ததைத்தான் நாங்கள் இப்ப போலந்துக்குச் செய்கிறம் என்று சொல்லும் இடம் அது. அதைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும், அடுத்த நொடியே தொண்டை அடைக்கும். வழக்கமான சினிமா நாஸி உறுமுவான், சவுக்கு வைத்திருப்பான். லூபிட்ஷின் நாஸிகளுக்குச் சித்திரவதை அன்றாட வேலை. கடைக்காரர் கைப்பை விற்பதைப் பற்றிக் கதைக்கிற மாதிரி அவர்கள் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று அவரே விமர்சகர்களுக்குப் பதில் எழுதினார். உறுமுகிற பேயை விட, பகிடி விடுகிற அதிகாரி பயங்கரமானவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கு.

படத்தில் கிறீன்பேர்க்குக்கு எப்பவும் ஈட்டி பிடித்து நிற்கிற வேஷம்தான். ஷேக்ஸ்பியரின் யூதப் பாத்திரமான ஷைலொக்காக ஒருநாள் மேடையேற வேணும் என்பதுதான் அவருடைய ஆசை. கடைசியில் அந்தச் சந்தர்ப்பம் கிடைக்குது, ஆனால் மேடையில் இல்லை. உண்மையான நாஸிப் படையினர் துவக்கோடு சுற்றி நிற்க, ஹிட்லர் வேஷம் போட்ட சக நடிகருக்கு முன்னால், நாங்களும் மனிசர் இல்லையா என்று ஷைலொக் கேட்கும் பேச்சை அவர் பேசுகிறார். 'யூதர்' என்ற சொல் அதில் வரவேயில்லை. பேசுகிறவர் உண்மையிலேயே நாட்டை விட்டு ஓடிவந்த யூதர். எடுக்கிறவர் ஒருகாலம் சின்ன வேஷத்தில் நின்றவர்.

அந்தக் காட்சியில் ஆரும் சிரிக்க மாட்டினம். அதுவரைக்கும் எங்களைச் சிரிக்க வைத்ததாலதான் அது அவ்வளவு வலிக்குது.