சிறுநீர்ப்பைப் பாராகாங்கிலியோமா

சிறுநீர்ப்பைச் சுவரில் தன்னியக்க நரம்பு மண்டலத்தைச் சார்ந்த குரோமாஃபின் செல்களிலிருந்து உருவாகும் அரிய கட்டி சிறுநீர்ப்பைப் பாராகாங்கிலியோமா. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் இது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 1953இல் சிம்மர்மேனும் அவருடைய சகாக்களும் இதை முதன்முதலில் விவரித்தனர். வழக்கமான சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உட்படலத்தில் தோன்றும். பாராகாங்கிலியோமாவோ பெரும்பாலும் தசை அடுக்கில் வளரும்.

அறிகுறிகள்

இவ்வகைக் கட்டிகள் பலவும் நார்அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கின்றன. சிறுநீர் கழிக்கையில் பை சுருங்கிக் கட்டியை அழுத்த, அந்த ஹார்மோன்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அப்போது தலைவலி, படபடப்பு, வியர்வை, திடீர் ரத்தக்கொதிப்பு, சிலருக்கு மயக்கமும் வரும். சிறுநீரில் ரத்தமும் போகலாம். எதையும் சுரக்காத கட்டிகளும் உண்டு.

கண்டறிதல்

ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ, இந்த ஹார்மோன்கள் சிதைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரினின் அளவு பார்க்கப்படும். கட்டியின் இடத்தை சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் காட்டும். திசுப் பரிசோதனையில் இதைச் சாதாரணச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று தவறாகக் கருத இடமுண்டு. குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் சாயச் சோதனைகள் வேறுபடுத்த உதவும்.

பரவும் தன்மை

நுண்ணோக்கியில் தெரியும் தோற்றத்தை மட்டும் வைத்து இது பரவுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நிணநீர்க்கணு, எலும்பு போன்று இயல்பாகக் குரோமாஃபின் செல்கள் இல்லாத இடங்களில் கட்டி காணப்பட்டால்தான் பரவல் உறுதியாகும். ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வகைப்பாடு, எல்லாப் பாராகாங்கிலியோமாக்களும் பரவக்கூடியவை என்றே கொள்கிறது. எஸ்.டி.எச்.பி. மரபணுவில் பிறவி மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். எனவே மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

சிகிச்சை

கட்டியோடு சிறுநீர்ப்பையின் ஒரு பகுதியை அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. ஹார்மோன் சுரக்கும் கட்டியானால், அறுவைக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்பே ஆல்ஃபா தடுப்பு மருந்து தொடங்கப்படும். அது இல்லாமல் பீட்டா தடுப்பு மருந்தை முதலில் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

கட்டியை முழுதாக எடுத்துப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் பரவல் தோன்றலாம். நலமாக இருப்பதாக உணர்ந்தாலும் நோயாளி வாழ்நாள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பில் இருப்பது அவசியம். சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் படபடப்போ தலைவலியோ வந்தால், வெறும் பதற்றம் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும்.