கேசட்டில் மிச்சமிருந்த மூன்று நிமிடம்

அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஒரு சினிமாப் பாட்டு நாலரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஆறு பாட்டு போக மூன்று நிமிடம் மிச்சம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அரூர் மாதிரியான ஊர்களில் ரெக்கார்டிங் சென்டருக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஒரு தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். ரெண்டு நாள் கழித்துப் போனால் கேசட் ரெடி. அந்த மிச்ச மூன்று நிமிடத்தை என்ன செய்வது என்பது கடைக்காரர் இஷ்டம். சிலர் வெறுமனே விட்டுவிடுவார்கள். சிலர் நீங்கள் கேட்காத ஒன்றை அதில் போட்டு அனுப்புவார்கள். ஒரு படத்தின் தீம் மியூசிக், பெயர் தெரியாத ஒரு வெளிநாட்டு டிஸ்கோ துண்டு, ஏதோ ஒன்று. “உங்க பட்டியலைப் பார்த்தேன், இது உங்களுக்குப் பிடிக்கும்னு தோணுச்சு” என்பார்கள்.

இன்றைக்கு இதை ‘ரெகமண்டேஷன்’ என்கிறோம். நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓடும் கணக்கு ஓரளவு தெரியும். ஆனால் இந்தக் கட்டுரை கணக்கைப் பற்றியது மட்டும் அல்ல. யாரும் கேட்காத ஒரு இசை முதல் காதுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? அதைப் பற்றியது.

கேசட்டுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது வானொலி. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. அவர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாடல்கள் காணாமல் போயின. கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று இலங்கை அறிவிப்பாளர்களின் பெயர்கள் நம் வீடுகளில் சொந்தக்காரர் பெயர்கள் மாதிரி ஆனது அப்படித்தான். பாட்டுக்கு முன்னால் ஒரு குரல் வந்து, இதைக் கேளுங்கள் என்று சொல்லும். அந்தக் குரலை நம்பித்தான் பாட்டைக் கேட்டோம்.

ஆனால் வானொலியும் சரி, கேசட் கடையும் சரி, பெரும்பாலும் கைமாற்றியது சினிமாப் பாட்டைத்தான். சினிமாவுக்கு வெளியே இந்தியாவில் புதிய இசை உருவாகவே இல்லையா? உருவாகியிருக்கிறது. எப்போது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

1969. இளையராஜாவின் முதல் படத்துக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்குகிறது. அதை அங்கே நிறுவிக் கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் கீதா சாராபாய். 1940-களில் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றவர். அவரும் அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அந்த ஸ்டுடியோவில் மின்னணு ஒலிகளை வைத்து நாடா நாடாவாகப் பதிவு செய்தார்கள். சில வருஷங்களில் அந்த முயற்சி அடங்கிப்போனது. பதிவான நாடாக்கள் அந்த நிறுவனத்திலேயே தூங்கின. பல பத்தாண்டுகள் கழித்து, பால் புர்காஸ் என்ற பிரிட்டன் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார். 1969 முதல் 1972 வரையிலான பதிவுகளின் தொகுப்பு 2023-இல்தான் வெளியானது. அரை நூற்றாண்டு தாமதம்!

இது ஒரு நிறுவனத்துக்குள் நடந்த பரிசோதனை, அதனால் வெளியே வரவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அடுத்த கதை கடையில் விற்ற இசைத்தட்டைப் பற்றியது.

சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா ஸ்டுடியோக்களில் கிடாரும் கீபோர்டும் வாசித்தவர். சிங்கப்பூரில் அவர் வாங்கிய ரோலண்ட் கருவிகளில் மூன்று முக்கியமானவை: டிஆர்-808 என்ற தாளப் பெட்டி, ஜூபிடர்-8 கீபோர்டு, டிபி-303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டி. டிபி-303 பேஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்தது. பேஸ் கிடார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். சரண்ஜித் சிங் இந்த மூன்றையும் இணைத்து, டிஸ்கோ தாளத்தின் மேல் பத்து ராகங்களை ஓடவிட்டார். யமன், மதுவந்தி, கலாவதி, பூபாளி, மால்கவுன்ஸ்... நம் பக்கத்தில் சொன்னால் பூபாளி மோகனம், மால்கவுன்ஸ் இந்தோளம். 1982-இல் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று தட்டு வெளியானது. யாரும் சீண்டவில்லை.

அஞ்சு வருஷம் கழித்து, 1987-இல், அமெரிக்காவின் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த அதே டிபி-303-ஐத் திருகித் திருகி ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று ஒரு பாட்டை வெளியிட்டது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற ஒரு இசைவகையே அதிலிருந்து கிளம்பி உலகம் சுற்றியது. சரண்ஜித் சிங்கின் தட்டைக் கேட்டால் அந்த ஒலி அப்படியே இருக்கிறது. 2002-இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு பழைய தட்டுக்கடையில் இதைக் கண்டெடுத்தார். 2010-இல் மறுவெளியீடு செய்தார். எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார். 2015-இல் காலமானார்.

‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது இந்தியர்’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை. சிகாகோக்காரர்கள் இவரைக் கேட்டுச் செய்யவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஒரே பெட்டி, கிட்டத்தட்ட ஒரே ஒலி. ஒன்று இயக்கமாகிறது, இன்னொன்று தூசிக்குள் போகிறது. என்ன வித்தியாசம்? சிகாகோவில் ரான் ஹார்டி என்ற டிஜே இருந்தார். ஃபியூச்சரின் பாட்டு தட்டாக வருவதற்கு முன்னாலேயே நாடாவில் வாங்கி, மியூசிக் பாக்ஸ் என்ற கிளப்பில் திரும்பத் திரும்பப் போட்டார். முதல் தடவை கூட்டம் ஆடவில்லை, தளத்தை விட்டு நகர்ந்தது என்பார்கள். அவர் விடவில்லை. பம்பாயில் சரண்ஜித் சிங்குக்கு அப்படி ஒருவர் இல்லை. இசையில் குறை இல்லை, நடுவில் நின்று “ஒரு தடவை கேளுப்பா” என்று சொல்ல ஆள் இல்லை.

தமிழில் இதே காலத்தில் மின்னணு ஒலி தோற்கவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். அந்த ஒலி அரூர் வரைக்கும், அதைத் தாண்டி தீர்த்தமலை அடிவார டீக்கடை வரைக்கும் போனது. காரணம் சினிமா என்கிற வண்டி. வண்டியில் ஏறிய எதுவும் ஊருக்கு வந்துவிடும். ஏறாததைக் கொண்டுவர ஒரு மனிதர் வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1994-இல் எம்.ஐ.டி.யில் ‘ரிங்கோ’ என்று ஒன்றைச் செய்தார்கள். கலைஞர்களுக்கு மதிப்பெண் போட்டு மின்னஞ்சலில் அனுப்பினால், உங்களைப் போலவே மதிப்பெண் போட்டவர்களைத் தேடி, அவர்களுக்குப் பிடித்ததை உங்களுக்குச் சொல்லும். உங்களுக்கும் எனக்கும் பத்தில் ஒன்பது ஒத்துப்போனால், எனக்குப் பிடித்த பதினொன்றாவது உங்களுக்கும் பிடிக்கலாம். அவ்வளவுதான் அடிப்படை. 2015-இல் ஸ்பாட்டிஃபை தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’யிலும் இந்த யோசனைக்கு ஒரு பங்கு உண்டு.

அழகான யோசனைதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. யாருமே கேட்காத பாட்டுக்கு மதிப்பெண்ணே இல்லை. மதிப்பெண் இல்லாததைப் பரிந்துரைக்க முடியாது. பரிந்துரைக்காததை யாரும் கேட்க மாட்டார்கள். துறையில் இதற்குப் பெயர் ‘கோல்ட் ஸ்டார்ட்’. பாட்டின் ஒலியையே அலசிப் பார்ப்பது மாதிரி சில வழிகளில் இதைச் சமாளிக்கிறார்கள், ஆனாலும் சாய்வு கேட்கப்பட்டதன் பக்கம்தான். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் கடந்த 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. சரண்ஜித் சிங் இன்றைக்கு அந்த ஆல்பத்தை ஏற்றியிருந்தால், பத்து ராகமும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றிருக்கலாம்.

இயந்திரத்தை மட்டும் திட்டினால் நியாயமில்லை. அதே 1982-இல் ரூபா பிஸ்வாஸ் என்ற வங்காளப் பாடகி கனடாவில் பதிவுசெய்த ‘டிஸ்கோ ஜாஸ்’ தட்டும் விற்கவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு அதன் ‘ஆஜ் ஷனிபார்’ பாட்டை யூடியூப் லட்சக்கணக்கானவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தது. 2019-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று மறுவெளியீடு செய்தது. அல்காரிதம் செய்த நல்ல காரியம் இது. ஆனால் அதற்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தத் தட்டைத் துடைத்து, பதிவேற்றியிருக்கவேண்டும். முதல் அடி மனிதருடையதுதான்.

ரெக்கார்டிங் சென்டரைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. அங்கே பதிவானதில் பெரும்பகுதி திருட்டுப் பிரதி. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை. கடைக்காரரின் அலமாரியில் இல்லாதது ஊருக்கே இல்லை. ஆனாலும் அந்த வேலை கேசட்டோடு சாகவில்லை. மலேசியாவின் யோகி பி – நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ 2006-இல் வந்தபோது, படத்தில் இல்லாத தமிழ் ராப் இங்கே பரவியது மெமரி கார்டிலும் புளூடூத்திலும் கைக்குக் கை மாறித்தான். ‘பாட்டு ஏத்தித் தரப்படும்’ என்று எழுதிவைத்த செல்போன் கடை, பழைய ரெக்கார்டிங் சென்டரின் பேரன். 2019-இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த ‘தெருக்குரல்’ ஆல்பத்துக்கும் படம் இல்லை, ஹீரோ இல்லை. இதைக் கேள் என்று நண்பர் நண்பருக்கு அனுப்பிய லிங்க்தான் அதற்குப் பெரிய பலம்.

இயந்திரம் பரிந்துரைத்தது பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிடுகிறோம், அதற்கு ஒன்றும் ஆகாது. மனிதர் பரிந்துரைத்தால் அவர் பெயர் அதில் ஒட்டிக்கொள்கிறது. “என்னத்தடா அனுப்புன?” என்று கேட்பார்கள். அந்தச் சின்ன வெட்கத்துக்குத் துணிந்தவர்களால்தான் நாடாக்கள் அலமாரியை விட்டு வெளியே வருகின்றன.

அதனால் நான் துணிகிறேன். சரண்ஜித் சிங்கின் ‘ராக் மதுவந்தி’யிலிருந்து தொடங்குங்கள், ஹெட்ஃபோனில், முழுசாக. அப்புறம் அகமதாபாத் தொகுப்பு. அதில் மெட்டு தேடாதீர்கள், ஒரு கருவியை முதல் தடவை தொடுகிறவர்களின் விரலைத் தேடுங்கள். பிறகு, ஆயிரம் தடவை ஓடாத ஒரு தமிழ்ப் பாட்டை நீங்களே தோண்டி எடுங்கள். ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதி, ஒரே ஒருத்தருக்கு அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் அது யாருக்கும் போகாது.