28 உயிர்களைப் பறித்த ‘0.1’... கணினி எண்களை மாற்றுவது எப்படி? எளிய விளக்கம்

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர் நேரம். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த இடத்தில் இராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 வீரர்கள் பலி. அதை வானிலேயே தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு சுடவே இல்லை. காரணம், எண்ணை பைனரிக்கு மாற்றியதில் வந்த சின்ன பிழை!

பைனரி என்றால் என்ன?

நாம் எண்ணுவது 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களில். கணினிக்குத் தெரிந்ததோ 0, 1 ரெண்டே ரெண்டுதான். நமக்கு இடமதிப்பு 1, 10, 100 என்று கூடும். பைனரியில் 1, 2, 4, 8 என்று கூடும்.

எப்படி மாத்துறது?

முழு எண்ணை 2-ஆல் வகுத்துக்கொண்டே போய், மீதியை எழுத வேண்டும். உதாரணத்துக்கு 13:

• 13 ÷ 2 = 6, மீதி 1
• 6 ÷ 2 = 3, மீதி 0
• 3 ÷ 2 = 1, மீதி 1
• 1 ÷ 2 = 0, மீதி 1

மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 1101. சரிபார்க்க: 8 + 4 + 0 + 1 = 13. அவ்வளவுதான்! புரோகிராமில் இதற்கு ஒரு லூப் போதும். 2-க்குப் பதில் 8 போட்டால் ஆக்டல் எண் கிடைக்கும். 16 போட்டால் ஹெக்ஸாடெசிமல். அதில் மீதி 10 முதல் 15 வரை வந்தால் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளைப் போட வேண்டும்.

சிக்கல் எங்கே?

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை வகுக்கக் கூடாது, 2-ஆல் பெருக்க வேண்டும். கிடைக்கும் முழு எண்ணை எழுதிவிட்டு, மிச்சத்தை மறுபடி பெருக்க வேண்டும். 0.5 ஒரே படியில் முடிந்துவிடும். ஆனால் 0.1? 0.2, 0.4, 0.8, 1.6, 1.2, திரும்பவும் 0.4... முடியவே முடியாது! பைனரியில் அது 0.000110011... என்று நீண்டுகொண்டே போகும். கணினியில் இடம் குறைவு என்பதால் ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும்.

தஹ்ரானில் நடந்தது என்ன?

பேட்ரியாட்டின் கடிகாரம் நேரத்தை 0.1 நொடிகளாக எண்ணியது. அதை நொடியாக மாற்ற, 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கியது. ஒரு தடவைக்குப் பிழை நொடியில் கோடியில் ஒரு பங்குதான். ஆனால் அந்த அமைப்பு 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. அதாவது 36 லட்சம் எண்ணிக்கை. மொத்தப் பிழை சுமார் 0.34 நொடி. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ரேடார் தவறான இடத்தில் தேடியது. திருத்தப்பட்ட மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்தான்.

கவனிக்க வேண்டியது

இன்றும் பைத்தானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 என்றே வரும். அதனால், பணக் கணக்கு எழுதும் புரோகிராமில் ரூபாயைப் புள்ளி வைத்து எழுதாமல், பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைப்பது பாதுகாப்பு.