சுவருக்கும் சுவருக்கும் இடையே

ஆசிரியப் பணியில் நாம் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். வீட்டுப் பாடம் எழுதாமல் வந்து நிற்கும் பிள்ளையிடம், தொடக்கத்தில் நாம் கேட்டுப் பழகிய கேள்வி, "ஏன் எழுதவில்லை?" என்பது. சில ஆண்டுகள் சென்ற பின்னரே, "வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதுவாய்?" என்று கேட்கக் கற்றோம். இரண்டாம் கேள்விக்குக் கிடைத்த விடைகள் முதற் கேள்வியைப் பெரும்பாலும் வீணாக்கிவிட்டன. சமையலும் படுக்கையும் விருந்தும் நோயும் ஓரறைக்குள் அடங்கிய வீட்டில், விளக்கடியில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் செயலாளர் பணித்தபோது, இந்த ஓரறை வீட்டின் வரலாற்றையே எழுதத் துணிந்தோம். அதற்குப் பம்பாயைக் காட்டிலும் ஏற்ற நகரம் வேறில்லை. அண்ணல் அம்பேத்கர் படித்தது அந்நகரின் ஓரறை வீட்டில்தான்.

சுபேதார் ராம்ஜி சக்பால் படைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், சதாராவிலிருந்து தம் மக்களுடன் பம்பாயில் குடியேறியது 1904ஆம் ஆண்டை ஒட்டியாகும். ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில், டபக் சால் என்னும் கட்டடத்தில் ஓர் அறை கிடைத்தது. 'சால்' என்று அங்கே வழங்குவது, நம்மூர் லைன் வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற் போன்றது. ஒரு நடை, அதனை ஒட்டி வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், குழாயும் கழிப்பிடமும் எல்லோர்க்கும் பொது. தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு அவ்வறையைக் கண்முன் நிறுத்துகிறது. தட்டுமுட்டுச் சாமான்களும் அடுப்புப் புகையும் நிறைந்த அங்கே இருவர் ஒருசேரக் கால் நீட்ட இடமில்லை. ஆகவே தந்தை ஒரு வழி செய்தார். மகனை முன்னிரவிலேயே படுக்கச் செய்து, தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவன் கிடந்த இடத்தில் தாம் படுப்பார். மகன் மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து விடியும்வரை படிப்பான். இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர் ராம்ஜி. நம் தொழிலைச் செய்தவர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை உண்டு. அவர் அளந்து பகிர்ந்தது ஓர் ஆள் படுக்கும் அளவு தரை. அதனையே பகுதி இரவு பள்ளியாகவும் பகுதி இரவு படுக்கையாகவும் ஆக்கினார்.

பள்ளி விட்டபின் படிக்க அச்சிறுவனுக்கு வேறோர் இடமும் கிடைத்தது. அது சர்னி ரோடு பூங்கா. அங்கே நாள்தோறும் புத்தகத்துடன் அமர்ந்திருந்த சிறுவனைக் கண்ணுற்றவர், வில்சன் உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். மெட்ரிக் தேறிய அம்பேத்கருக்குத் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தவர் அவரே. பின்னர்ப் பரோடா மன்னரின் உதவித்தொகைக்கு வழி செய்தவரும் அவரே. அப்பூங்கா இல்லையேல் அச்சந்திப்பு எங்கே நிகழ்ந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவரது திருமணமோ மண்டபம் எதிலும் நடைபெறவில்லை. பைகுல்லா சந்தைக் கொட்டகையில், கடைக்காரர் எல்லாம் போனபின், இரவில் நடந்தது. யார் எங்கே கூடலாம் என்பதைக் கதவுகளும் அவற்றின் திறவுகோல்களும் தீர்மானித்த காலம் அது.

இவ்வளவு நெருக்கமான குடியிருப்புகள் எவ்வாறு தோன்றின? பருத்தி ஆலைகள் பெருகப் பெருகக் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். நில உரிமையாளர் காலி மனை ஒவ்வொன்றிலும் மாடி எழுப்பி, வெளிச்சம் காணாத அறைகளை வாடகைக்கு விட்டனர். 1896ஆம் ஆண்டு செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் பிளேக் நோய் தலைகாட்டியது. 1891இல் 8,21,764 ஆக இருந்த நகர மக்கள் தொகை 1901இல் 7,76,006 ஆகக் குறைந்தது. மாண்டவர் பலர், ஊரைவிட்டு ஓடியவர் பலர்.

இங்கே ஒன்றை நாம் சற்று நின்று கூற விரும்புகிறோம். அக்காலப் பம்பாய்க் கட்டடங்களின் பின்புறச் சுவர்களுக்கு இடையே நாலைந்து அடி அகலத்தில் சந்து ஒன்று விடப்பட்டிருந்தது. 'ஹவுஸ் கல்லி' என்பது அதன் பெயர். மேல்மாடி வீட்டாரின் கழிப்பிடமும் கூடை வழியாக அதற்குள் திறக்கும். மலம் அள்ளும் தொழிலாளி தெருவுக்கு வராமல், எவர் கண்ணிலும் படாமல், அச்சந்தின் வழியே வந்து அவ்வழியே போக வேண்டும். நகராட்சி அதற்கெனத் தண்டிய வரிக்கு 'ஹலால்கோர் வரி' என்றே சட்டத்தில் பெயர். கட்டடத்தை வரைந்தவன் சமையலறைக்கு இடம் விட்டாற்போல், ஒரு சாதியாரின் உழைப்புக்கும் இடம் விட்டு வரைந்தான். நம் தமிழ்நாட்டுப் பழைய நகரங்களிலும் எடுப்புக் கக்கூஸ்களை ஒட்டி இத்தகைய சந்துகள் இருந்தன. அவற்றில் வாளி சுமந்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இம்மலரைப் படிப்போரிலும் இருக்கக்கூடும். 1993இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: கைகளால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துதலையும், உலர் கழிப்பிடங்கள் கட்டுவதையும் தடை செய்யும் சட்டம். ஒரு சாதிக் கொடுமையை ஒழிக்க ஒரு வகைக் கட்டடத்தையே தடை செய்ய வேண்டியிருந்தது.

பிளேக்கின் விளைவாக 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெருக்கமான பகுதிகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தது. இடிபட்ட வீடுகளின் அளவுக்கு அது கட்டித் தரவில்லை. வீடிழந்தோர் அடுத்த தெருவின் சால்களில் புகுந்தமையால், நெருக்கம் இடம் மாறியதேயன்றி நீங்கவில்லை. எனினும் அந்த டிரஸ்டிடம் நாம் கற்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதன் தலைவராக இருந்த ஜே. பி. ஆர் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி, 1912இல் பம்பாய் வீடுகளின் வெளிச்சமும் காற்றும் குறித்துச் சொற்பொழிவாற்றி, டிரஸ்ட் கைக்கொண்ட 63½ பாகை விதியை விளக்கினார். சுவரின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சியை நோக்கி ஒரு கோடு இழுத்தால், அக்கோடு தரையோடு செய்யும் கோணம் 63½ பாகைக்கு மிகலாகாது என்பதே விதி. பத்தாம் வகுப்பு மாணவன் அறிந்த முக்கோணவியலின்படி அக்கோணத்தின் டேன்ஜென்ட் ஏறத்தாழ 2. எனவே எதிர்க் கட்டடத்தின் உயரத்தில் பாதியளவேனும் இடைவெளி இருத்தல் வேண்டும். அவ்வளவு இருந்தால்தான் கீழ்த்தளத்து அறையிலும் பகலில் எழுத்துத் தெரியும்.

அம்பேத்கர் பின்னர் குடிபுகுந்ததும் பரேலில் இந்த டிரஸ்ட் கட்டிய சால் ஒன்றில்தான். இரண்டாம் மாடியில் இரண்டு சிறு அறைகள். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டங்கள் பெற்று 1923இல் திரும்பிய பாரிஸ்டர் அங்கேயே வாழ்ந்தார். இரண்டில் ஒரு அறை புத்தகங்களுக்கு. சாலின் நீண்ட நடை அங்கே வேறொரு பயனையும் தந்தது. ஓர் அறையில் பேசியது பத்து அறைகளுக்குக் கேட்கும். ஒருவரைத் தேடி வந்தவர் நூறு பேர் கண்ணில் படுவார். அது தனிமையைப் பறித்தது, கூட்டத்தை உண்டாக்கியது. பரேலின் தாமோதர் ஹாலில் 1924இல் கூடிய கூட்டத்திலிருந்து எழுந்ததே பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை. அச்சபை அடுத்த ஆண்டிலேயே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. ஓரறையில் படித்தவர், படிப்பதற்கு இடம் தருவதையே தம் முதற் பணிகளில் ஒன்றாகக் கொண்டார்.

1930களின் தொடக்கத்தில் அவர் தாதர் இந்துக் காலனியில் 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தைக் கட்டினார். புத்தகங்களுக்காகவே கட்டப்பட்ட வீடு எனில் தவறில்லை. அந்தக் காலனிக்கு மனை பிரித்ததும் அதே டிரஸ்ட்தான்! தொழிலாளிக்கு ஓரறையும் நடுத்தர வகுப்பாருக்கு மரநிழல் சாலைகளும் ஒரே அலுவலகத்து மேசையில் வரையப்பட்டன. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போகும் தொலைவே. அண்ணலுக்கு அதைக் கடக்க முப்பதாண்டு வேண்டியிருந்தது.

1920இல் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் அமைத்த வளர்ச்சித் துறை, பருத்தி மூட்டைக்கு ஒரு ரூபாய் வரி விதித்து, 50,000 அறைகள் கட்டத் திட்டமிட்டது. வொர்லி, நாய்காம், டிலைல் ரோடு, சிவ்டி ஆகிய இடங்களில் 207 கட்டடங்களுடன், ஏறத்தாழ 16,000 அறைகளுடன் அது நின்றுவிட்டது. அறை 160 சதுர அடி, சுவரெல்லாம் கான்கிரீட். வாடகையும் இருளும் ஆலைகளிலிருந்து தொலைவும் மிகுந்தமையால் வொர்லியின் அறைகள் பல்லாண்டு காலியாகக் கிடந்தன. சட்டமறுப்புக் காலத்தில் அரசு அவற்றைச் சிறையாக்கியது என்றால், மேலும் விளக்கம் வேண்டுமா? பின்னாளில் அவை நிரம்பின. நம் மக்களும் அங்கே வாழ்ந்தனர். 1974இல் தலித் பாந்தர்கள் மீது கல்மழை பொழிந்ததும் அக்கட்டடங்களின் நடுவேதான். 2025 ஆகஸ்டில் வொர்லியின் முதல் 556 குடும்பங்கள், அங்கே எழுந்த புதிய அடுக்குமாடியில் 500 சதுர அடி வீடுகளின் திறவுகோலைப் பெற்றன.

அடுக்குமாடி என்றவுடன் மகிழ்ந்துவிடலாகாது. சாலைக்கும் ரயில் பாதைக்கும் இடம் கொடுத்துக் குடிசைகளை இழந்தோரை மும்பையின் கிழக்கே குடியமர்த்திய லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் ஆகியவற்றை ஆராய்ந்த அறிக்கை 2018இல் வெளிவந்தது. ஏழெட்டு மாடிக் கட்டடங்களுக்கு இடையே சுமார் மூன்று மீட்டர் இடைவெளி. கணக்கெடுக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் காசநோய். காற்றும் வெளிச்சமும் மிகுந்த வேறொரு குடியிருப்பில் அது நூற்றில் ஒருவர் அளவே. ஆரின் கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். கட்டடம் 24 மீட்டர் உயரமெனில் இடைவெளி 12 மீட்டர் வேண்டும். விட்டது அதில் நான்கில் ஒரு பங்கு. நூறாண்டுக்கு முன் பிளேக் கற்பித்த பாடத்தை அதே நகரமே மறந்தது. சூரியத் தகடு பதித்த கட்டடத்தையே சிக்கனக் கட்டடம் என்று இந்நாளில் விளம்பரம் செய்கிறார்கள். நண்பகலில் விளக்கேற்றித் தீரவேண்டிய அறைக்கு எந்தத் தகடு கட்டுப்படியாகும்?

இக்கணக்கு நம் வாசலுக்கும் வந்தது. நம் சங்கத்தின் படிப்பகத்துக்கு மூன்று மாடி வரைபடம் தயாராயிற்று. உயரம் 33 அடி. பின்புறம் நம் மக்களின் வீட்டு வரிசை. இடைவெளி 12 அடி. பாதி உயரக் கணக்குப்படி பதினாறரை அடி வேண்டும். நாம் கட்டவிருந்த படிப்பகமே, அங்கு வந்து படிக்க வேண்டிய பிள்ளைகளின் வீட்டை இருட்டாக்கிவிடும் என்று செயற்குழுவில் கூறினோம். இளைஞர்கள் ஒப்பவில்லை. மூன்று மாடி எழுந்தால்தான் கடைத்தெருவிலிருந்து நம் கட்டடம் தெரியும் என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம் பெயரில் உயரமாக எதுவும் நில்லாத ஊர் இது. இரண்டு கூட்டங்கள் வாதிட்டபின், மூன்றாம் மாடியும் அதில் அமைய இருந்த நாற்பது இருக்கைகளும் கைவிடப்பட்டன. இரண்டு மாடிக்கு உயரம் 22 அடி. 12 அடி இடைவெளி போதும். பின்சுவருக்கு ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வேண்டும் என்றும், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எதிர்வரிசை வீடுகளுக்குள் செல்லும் என்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம். விட்டுப்போன நாற்பது இருக்கைகளுக்குத் தெருப்பக்கத் திண்ணையை அகலமாக்கலாமா என்பது அடுத்த கூட்டத்தின் பொருள்.